உளிக்குக் கண்ணீர், பேரிங்குக்கு மௌனம்

செஞ்சிப் பக்கத்துத் தளவானூர்க் குடைவரைக்குப் போய்வந்து எழுதப்படும் கட்டுரைகளில் கடைசிப் பத்தி பெரும்பாலும் ஒன்றுதான். மகேந்திரவர்மன், சத்ருமல்லேசுவராலயம், தூண்களுக்கு மேலே மகர தோரணம், இரு பக்கமும் துவாரபாலகர்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அந்த உளி எங்கே, இன்றைய மெஷின் எங்கே" என்று ஒரு பெருமூச்சு. கட்டிங் மெஷின் வந்தது, கை செத்தது, கலை செத்தது. எனக்கு இந்தப் பெருமூச்சின் மேல் மரியாதை இல்லை. உளியையும் தெரியாமல் மெஷினையும் தெரியாமல் விடுகிற மூச்சு அது.

முதலில் உளி. கருங்கல்லில் அதன் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கியதை உலையில் காய்ச்சி, அடித்து, முனை இழுத்து, தண்ணீரில் தோய்க்க வேண்டும். கூடுதலாகத் தோய்த்தால் கல்லில் பட்டதும் முனை சிதறும். குறைவாகத் தோய்த்தால் மடங்கும். ஆக, கல்தச்சன் இருக்கிற இடத்தில் கொல்லனும் இருந்தாக வேண்டும். மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அதே மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பெருமை அடித்துக்கொள்கிறான். கட்டடத்தில் உலோகம் இல்லை, சரி. ஆனால் அந்தப் பாறையைக் குடைந்தது இரும்பு உளிதானே? அரசனின் பட்டப்பெயர்களுக்குக் கல்லில் இடம் இருந்தது, உலைக்கு இல்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரிப் பாறையில் மட்டும் கதை வேறு. அங்கே பெருந்தச்சன் பெயரோடு சேர்த்துக் கொல்லன் சேமகன் என்ற பெயரும் வெட்டியிருக்கிறது. கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியும், யார் இல்லாவிட்டால் வேலை நின்றிருக்கும் என்று.

இப்போது மெஷின். உளியின் முனை இருந்த இடத்தில் இன்று பேரிங் இருக்கிறது. நாலு இஞ்ச் கிரைண்டர் ஒன்று பொதுவாக நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். மணிக்கு 6,60,000. அதாவது ஒன்றரை மணி நேர வேலையில் சுமார் பத்து லட்சம் சுற்று. இத்தனையையும் தாங்குவது இரண்டு மூன்று சின்ன பேரிங். 608, 6201 மாதிரி எண் போட்டவை. 2017-ல் ஊரே விரலில் சுற்றி விளையாடியதே ஸ்பின்னர், அதன் நடுவில் பெரும்பாலும் இருந்ததும் இதே 608 தான். பேரிங்கின் ஆயுளுக்கு ஒரு கணக்கு உண்டு: சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும். வேலை முடிய வேண்டுமே என்று டிஸ்கை அழுத்திப் பிடிக்கிறவரின் அவசரம் நேராகப் பேரிங்கில்தான் போய் இறங்குகிறது.

அதோடு தூசி. கருங்கல் தூசியில் குவார்ட்ஸ் உண்டு. அது உள்ளே போனால் கிரீஸே உப்புத்தாள் ஆகிவிடும். அதனால்தான் கல் வேலைக்கு இரும்புத் தகடு மூடிய பேரிங்கைவிட ரப்பர் சீல் வைத்தது மேல். (அதே தூசிதான் நுரையீரலில் சிலிக்கோசிஸ் ஆகிறது. பேரிங்குக்காவது ரப்பர் சீல் உண்டு. அதைப் பிடித்திருப்பவருக்கு மூஞ்சியில் கட்டிய துண்டு.)

பேரிங் தேய்ந்தால் என்ன ஆகும்? முதலில் சத்தம் மாறும். அப்புறம் தலைப்பகுதி கை வைக்க முடியாமல் சுடும். அப்புறம் தண்டு ஆடும், ஆர்மேச்சர் ஃபீல்டில் உரசும், காயில் கருகும். சின்ன செலவு பெரிய செலவாகும். அது காசு. தண்டு ஆடினால் டிஸ்கும் ஆடும். ஆடுகிற டிஸ்க் வெட்டுத்தடத்தில் சிக்கிக்கொண்டால் உடைந்து பறக்கும். அது கண், அது கழுத்து. இதெல்லாம் வராத நாட்களிலும் அதிர்வு மணிக்கணக்கில் கைக்குள் போய்க்கொண்டே இருக்கும், வருஷக்கணக்கில் விரல் மரத்துப்போகும். கை செத்தது என்று கட்டுரையில் எழுதுகிறோமே, அந்தக் கை இப்படித்தான் சாகிறது.

இதற்கு மருந்து ஒரு தட்டு பிரியாணி காசுக்குள் கிடைக்கும். ஆனால் கடையில் கேட்டுப் பாருங்கள்: "அதெல்லாம் எதுக்கு சார், புதுசு வாங்கிக்குங்க." ஒரு சர்வீஸ் சென்டரில் எனக்குச் சொன்னது, பேரிங் தனியாகத் தர முடியாது, முழுத் தலையையும் மாற்றணும் என்று. வாரன்ட்டி காலத்தில் நாமே திறந்தால் வாரன்ட்டி போச்சு. கூடவே வருகிற கையேட்டைப் புரட்டினால் பதினைந்து மொழியில் எச்சரிக்கை இருக்கும். உள்ளே இருக்கிற பேரிங்கின் எண் இருக்காது. உலகம் முழுக்க ஒரே அளவில் செய்யப்படுகிற பொருள் இது. அந்த எண்ணை ஒரு வரியில் அச்சடிக்க என்ன கஷ்டம்?

2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகள். நல்ல விஷயம்தான். ஆனால் கல் அறுக்கிறவரின் மெஷின் இந்த நான்கில் எதில் வரும்? நடுத்தர வர்க்கத்தின் ஃபோனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பேச ஆள் இருக்கிறது. மெஷின் நின்றால் அன்றைக்குக் கூலியும் நிற்கிறவருக்கு யார் பேசுவது?

"மலிவு மெஷினுக்கு ரிப்பேர் கட்டுப்படியாகாது" என்பார்கள். சில மெஷின்களுக்கு அது உண்மை. பேரிங் உட்காரும் குழியே தேய்ந்து பெரிதாகிவிட்டால் புது பேரிங்கும் அதில் நிற்காது. போலி பேரிங்கும் சந்தையில் உலாவுகிறது, பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் குழி தேய்ந்தது எதனால்? சத்தம் வந்த அன்றே மாற்றாததால். மாற்றத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாததால், இருந்தும் அவரிடம் போகாதே என்று நமக்குச் சொல்லித் தந்ததால்.

அந்த ஆள் நம் ஊர்களில் வைண்டிங் கடையில் இருக்கிறார். புல்லர் மாட்டிப் பழசை உருவுவார். புதுசை ஏற்றும்போது அவர் கையைக் கவனியுங்கள். தண்டில் ஏற்றுகையில் உள் வளையத்தை மட்டும்தான் தட்டுவார், அதுவும் அதே அளவு குழாய்த்துண்டை வைத்து. வெளி வளையத்தில் அடித்தால் அடி குண்டுகள் வழியே போய், அவை ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். ஒரே மாதத்தில் திரும்பச் சத்தம் வரும். தோய்ப்பின் பதம் தெரிந்த கொல்லனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. அவரைப் பற்றி ஒரு கவிதை, ஒரு கதை, ஒரு நீண்ட கட்டுரை? நாம் எழுதினால் "மரபு அழிகிறது" என்றுதான் எழுதுவோம், அவர் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டே.

விழுப்புரத்தில் அப்படி ஒரு கடையில் கேட்டேன், எண் அழிந்துபோன பேரிங் வந்தால் என்ன செய்வீங்கண்ணே என்று. அவர் பதில் சொல்லாமல் ஒரு பழைய பேரிங்கைத் துணியால் துடைத்து வெர்னியரில் வைத்தார். உள் துளை 12, வெளியே 32, அகலம் 10.

"6201. எங்க வேணா கிடைக்கும். ரப்பர் சீல் போட்டதா கேட்டு வாங்குங்க."