கை மறப்பதில்லை, மூச்சு மறந்துவிடும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்குச் சென்ற ஆண்டு காசநோய் கண்டது. மாத்திரைகளை ஒருநாளும் தவறாது விழுங்கி, குறித்த காலத்தை முடித்து, சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லையென்று அறிந்துகொண்டார்கள். ஆயினும் எடை குறைந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சிரைக்கும் நிலையில் பல மாதங்கள் வீட்டிலேயே கழிந்தன. இப்பொழுது அவர், சிறுவயதில் தாம் குதித்து விளையாடிய உறவினர் தோட்டத்துக் கிணற்றில் மீண்டும் நீந்தப் போவதாகச் சொல்லுகிறாராம். உடம்பு தேற அதைவிட நல்ல மருந்து வேறில்லை என்பது அவர் கட்சி. “பிழைத்து வந்த மனிதரைக் கிணற்றில் விடுவதற்கா நான் மாத்திரை எண்ணிக் கொடுத்தேன்?” என்பது சகோதரியின் கேள்வி. தடுப்பதா, விடுவதா என்று நம்மைக் கேட்கிறார்.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. முதலில் கணவர் கட்சியை எடுத்துக்கொள்வோம்.

நெடுநாள் நோயிலிருந்து எழுந்தவரைக் கட்டிலைவிட்டு இறங்காமல் காப்பது நம் குடும்பங்களின் வழக்கம். அன்பினால் செய்வதுதான், ஆயின் அந்த அன்புக்கும் ஓர் எல்லை வேண்டும். அமெரிக்காவில் டல்லஸ் நகரில் 1966-ஆம் ஆண்டு, நோய்நொடி ஏதுமில்லாத இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரங்கள் படுக்கையிலேயே கிடக்கச் செய்து சோதித்தார்கள். அவர்களுடைய உடல் உழைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. முப்பது ஆண்டுகள் சென்றபின் அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முப்பதாண்டு மூப்பு விளைத்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை விளைத்த சேதமே பெரிது என்று கண்டார்கள். சும்மா படுத்திருந்த இளைஞர்கள் கதையே இதுவென்றால், காய்ச்சலும் இருமலும் உருக்கிய உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

காசநோயைப் பொறுத்தவரை இவ்விஷயத்தில் உலகுக்கு வழிகாட்டியது நம் சென்னை மாநகரமே. 1956-இல் அங்கு தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறுபகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. ஓய்வும் நல்ல ஆகாரமும் செவிலியர் பராமரிப்பும் பெற்றவர்கள் ஒருபுறம். நெருக்கடியான வீடுகளில், குறைந்த ஆகாரத்தோடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு மருந்துண்டவர்கள் மறுபுறம். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். 1959-இல் இந்த முடிவு வெளியானபின், நோயாளியை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தும் முறை உலகெங்கும் மெல்ல மறைந்தது. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இருக்கிறது. பழைய பெயரை ரயில் நிலையம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆகவே உடம்பை அசைக்க வேண்டும் என்று கணவர் சொல்வது சரியே. தண்ணீரைத் தேர்ந்துகொண்டதும் தவறன்று. இடுப்பளவு நீரில் நிற்பவருடைய கால்கள் அவர் எடையில் பாதியளவே தாங்குகின்றன. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்குதான். தரையில் நடக்கவே நோகும் முழங்கால் நீருக்குள் நோவதில்லை. நெஞ்சைச் சுற்றி நீர் அழுத்துவதால், ஒவ்வொரு மூச்சும் அந்த அழுத்தத்தை எதிர்த்தே உள்ளே போகிறது. இதுவே மூச்சுத் தசைகளுக்கு ஒரு பயிற்சியாகிறது. கால்களிலும் வயிற்றிலும் தங்கும் இரத்தத்தில் அரை லிட்டருக்கு மேல் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக இறைக்க வேண்டியிருக்கிறது. நல்ல இதயத்துக்கு இது நன்மை. பலவீனமான இதயத்துக்கு இதுவே ஆபத்து. மருத்துவரைக் கேளாமல் நீரில் இறங்கலாகாது என்று சொல்வதன் காரணம் இதுதான். கரையேறும்பொழுது அந்த இரத்தம் மறுபடியும் கால்களுக்கு இறங்குவதால் படியில் தலை சுற்றக்கூடும். நீந்தி முடித்தவுடன் விறுவிறுவென்று படியேறாமல், நீரிலேயே சற்று நின்று, பிடித்துப் பிடித்து ஏற வேண்டும்.

இனிச் சகோதரியின் அச்சத்துக்கு வருவோம். அதுவும் வீண் அச்சமன்று. நீந்தக் கற்றவன் நீச்சலை மறப்பதில்லை. இருபதாண்டு கழித்துக் குதித்தாலும் கையும் காலும் தாமாகவே வேலை செய்யத் தொடங்கிவிடும். மறந்துவிடுவது மூச்சு. காசநோய் ஆறியபின்னும் நுரையீரலில் தழும்பு தங்கிவிடுவதுண்டு. பழைய கொள்ளளவு பலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகவே நோயிலிருந்து எழுந்தவர் குதித்த முதல் நிமிஷத்தில் தாம் பழைய ஆள்தான் என்று எண்ணுகிறார். கைவீச்சு அவ்வளவு அழகாக வருகிறது! கிணற்றின் நடுவுக்குப் போனபின்தான் மூச்சு கணக்குக் கேட்கிறது. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் களைத்தவர் எந்தத் திண்ணையிலும் உட்காரலாம், ஒரு சோடா வாங்கிக் குடிக்கலாம். கிணற்று நடுவில் உட்கார இடமேது? நீந்தத் தெரியாதவன் ஆழத்துக்கே போகமாட்டான். நெடுநாள் படுத்தெழுந்த நீச்சல்காரரைப் பற்றியே நாம் அதிகம் கவலைப்படுகிறோம்.

நம் மாவட்டத்துக் கிணறுகளை அறியாதார் இல்லை. பாறையைக் குடைந்து இறக்கிய பெருங்கிணறுகள். பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லே படி. கரையிலிருந்து இரண்டு முழம் தள்ளினால் காலுக்குத் தரை கிடையாது. சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு அங்கேதான் நம்மவர் தலைமுறை தலைமுறையாய் நீந்தப் பழகினார்கள். பத்து வயதுச் சிறுவனுக்கு அது சரி. தேறிவரும் உடம்புக்கு முதல் நாளே அந்த ஆழம் வேண்டாம் என்பது நம் கருத்து. நெஞ்சளவு நீரும், பிடித்துக்கொள்ள ஓரமும் உள்ள நீச்சல் குளத்தில் தொடங்குவதே மேல். அத்தகைய குளம் அருகில் இல்லையென்றால் இன்னும் சில மாதங்கள் நடைப்பயிற்சியே போதும்.

குளத்தில் இறங்கியவர் முதல் வாரம் நீந்தவே வேண்டாம். நெஞ்சளவு நீரில் நடக்கட்டும். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மூக்கும் வாயும் நீரில் இருக்க மூச்சை மெல்ல வெளியே விட்டுப் பழகட்டும். பின்னர் குளத்தின் குறுக்கே ஒரு முறை நீந்தி நிற்கட்டும். நின்றபின் ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச வருகிறதா? வந்தால் இன்னொரு முறை. வராவிட்டால் வரும்வரை நிற்க வேண்டும். மல்லாந்து நீந்துவது இவர்களுக்கு ஏற்றது, வாய் எப்பொழுதும் காற்றில் இருப்பதால். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மறுநாள் காலையில் எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தால் முந்தைய நாள் அளவு மிஞ்சியது என்று பொருள். காற்றைவிட நீர் உடம்புச் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக எடுத்துக்கொள்ளும். நோயில் சதை வற்றியவருக்குச் சீக்கிரமே குளிரும். உதடு நடுங்கத் தொடங்குமுன் வெளியேறிவிட வேண்டும். யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று மைத்துனர்களோடு பந்தயம் கட்டும் வழக்கம் நம் கிணற்றடிகளில் உண்டு. திடகாத்திரமானவர்களே அதில் நினைவிழந்து இறந்திருக்கிறார்கள். அதன் பக்கமே போகலாகாது. இருமலில் இரத்தம் கண்டால் நீச்சலை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரின் அனுமதியும் பக்கத்தில் ஆளும் இன்றி எந்த நீரிலும் இறங்கலாகாது. தேங்கிக் கலங்கிய குட்டைகளை எல்லோரும் தவிர்க்க வேண்டும். 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் பலரைப் பற்றிய மூளைக் காய்ச்சல், நன்னீரில் வாழும் அமீபா மூக்கு வழியே ஏறுவதால் வருவது.

இவ்வளவு மெதுவாகச் செய்வதா என்று கணவர் சலித்துக்கொள்வார் என்பதை அறிவோம். அவருக்கு முரளிகாந்த் பெட்கரைப் பற்றிச் சொல்லுங்கள். மராட்டிய மாநிலத்துச் சாங்க்லி மாவட்டத்தில் பிறந்த இராணுவ வீரர். குத்துச்சண்டையில் பெயர் பெற்றவர். 1965-ஆம் ஆண்டுப் போரில் பல குண்டுகள் பாய்ந்து, முதுகெலும்பு காயமுற்று, கால்கள் செயலிழந்தன. நெடுங்காலம் மருத்துவமனையில் கிடந்தவருக்குச் சிகிச்சையாகவே நீச்சல் வாய்த்தது. 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 50 மீட்டரை 37.33 விநாடியில் நீந்தி, இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொணர்ந்தார். பத்மஸ்ரீ விருது வந்தது 2018-இல். நாம் குறிப்பாக எண்ணிப் பார்க்க வேண்டியது, குண்டு பாய்ந்த நாளுக்கும் தங்கம் பெற்ற நாளுக்கும் இடையே கடந்த ஏழு ஆண்டுகளை.

நீர் எல்லாவற்றையும் திருப்பித் தரும் என்றும் நாம் சொல்லவில்லை. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ரூஸ்வெல்ட் 1921-இல், தமது 39-ஆம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் கால்களை இழந்தார். 1924-இல் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்றுக்குப் போனபோது, தரையில் நிற்க முடியாத அவர் நீருக்குள் நிற்கவும் நடக்கவும் கண்டார். நீச்சலால் தோளும் மார்பும் வலுத்தன; 1933-இல் வெள்ளை மாளிகையிலும் அவருக்கென ஒரு குளம் கட்டினார்கள். ஆயினும் கரையில் அவர் ஒருநாளும் துணையின்றி நடக்கவில்லை. பெற்ற வலுவைக்கொண்டு ஆகவேண்டிய வேலையைப் பார்த்தார்.

எனவே, சகோதரி, தடுக்க வேண்டாம். ஆறு மாதம் நோயாளி என்று அழைக்கப்பட்டவர், மீண்டும் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் தகப்பனாக வேண்டுமென்று விரும்புகிறார். கிணற்றைப் பற்றிய பேச்சில் பாதி அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. முதலில் சிகிச்சை தந்த மருத்துவரிடம் இருவருமாகப் போய், நுரையீரலும் இதயமும் நீச்சலைத் தாங்குமா என்று கேளுங்கள். பிறகு குளம். குளத்தின் நீளத்தை இருமுறை நிதானமாக நீந்த வந்தபின் கிணற்றைப் பற்றி யோசிக்கலாம்.

அப்பொழுதும் ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழையில் கிணறு ததும்பிப் படிக்கற்கள் மூழ்கியிருக்கும். அடியில் மோட்டார்க் குழாயும் கண்ணுக்குத் தெரியாது. தை பிறந்து, வெயில் ஏறி, படிகள் வெளியே தெரிந்தபின் போகட்டும். மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டே இறங்க வேண்டும். நீங்களும் உடன் போங்கள். உங்களுக்கு நீச்சல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகையால் எது நேர்ந்தாலும் குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய இன்னொருவரும் மாண்டார் என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! லாரி டியூப் ஒன்று, அல்லது மூடி இறுக்கிய இருபது லிட்டர் வெற்றுத் தண்ணீர் கேன் ஒன்று, கயிற்றில் கட்டி அருகில் இருக்கட்டும். கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்திருந்தால் போதாது. கிணற்றடி மரத்தில் கட்டிவிடுங்கள்.