மொட்டை மாடிக்கு ஒரு வெள்ளைச் சட்டை

மதுரையில் ஒரு மாடி வீடு. மேல் தளத்தில் மாமனார், மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி. ஏப்ரல் மாதம், இரவு பத்து மணி.

“மாமா, ஏசியைப் போடவா?”

“வேண்டாம்மா, ஃபேன் காத்தே போதும். போன தடவை கரண்ட் பில் வந்தப்ப உன் புருஷன் முகத்தைப் பாத்தேனே!”

மருமகள் ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்தாள். இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பால்கனியில் ஓர் உருவம். தோளில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் மாமனார். உள்ளே அவருடைய தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. வயது 74. தினமும் பிரஷர் மாத்திரை வேறு.

“தூக்கம் வரலைம்மா, அவ்வளவுதான்” என்றார்.

அவ்வளவுதானா? வயதானவர்களுக்குத் தாகம் குறைவாகத்தான் தெரியும். உடம்பு சூட்டை வெளியேற்றும் வேகமும் குறைந்துவிடும். பகல் முழுவதும் வெந்த உடம்புக்கு ராத்திரியிலாவது ஓய்வு வேண்டும். தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது. ‘பில் ஏறிவிடும்’ என்று பெரியவர்கள் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்வதைச் சிக்கனம் என்று சொல்லிவிட முடியாது.

சரி, வெயில் சாய்ந்து ஐந்தாறு மணி நேரம் ஆன பிறகும் அறை ஏன் கொதிக்கிறது?

தலைக்கு மேல் ஒரு தோசைக்கல்

ஏப்ரல் நடுவில் மதுரையில் உச்சி வேளைச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கிறது. சுவர்களைவிட மொட்டை மாடிதான் அதிக வெயிலை வாங்குகிறது. சாம்பல் நிற சிமென்ட் தளம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். பிற்பகலில் அதில் வெறுங்காலை வைக்க முடியாது.

கான்கிரீட் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். மத்தியானம் வாங்கிய சூடு கீழே இறங்கி வரச் சில மணி நேரம் பிடிக்கும். நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் அது அறைக்குள் கசியும். ஃபேன் அந்த அனலைக் கீழே தள்ளிவிடுகிறது. ஏசி போட்டாலும் அது முதலில் மல்லுக்கட்டுவது இந்தக் கூரையோடுதான்.

உங்கள் வீட்டிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரவு ஒன்பது மணிக்கு உறுதியான ஸ்டூலில் ஏறி, ஃபேனை நிறுத்திவிட்டு, உள்கூரையைத் தொட்டுப் பாருங்கள். பிறகு சுவரைத் தொடுங்கள். கூரை மட்டும் கதகதவென்று இருந்தால், சிக்கல் எங்கே என்று தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்து ‘மெட்ராஸ் டெரஸ்’ வீடுகளில் மர விட்டங்களின் மேல் செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்புக் காரை, அதற்கும் மேல் தட்டோடு என்று அடுக்கடுக்காகப் போட்டார்கள். அந்தக் கனம்தான் வெயிலைத் தடுத்தது. பிறகு வந்த வீடுகளிலும் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது வழக்கம். செலவைக் குறைக்க வெறும் சிமென்ட் பூச்சோடு நிறுத்திய வீடுகள்தான் இன்று அடுப்பாகக் காய்கின்றன.

பில் எங்கே எகிறுகிறது?

ஒன்றரை டன் ஏசி முழு மூச்சாக ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். கூரை குளிர்ந்திருந்தால் கம்ப்ரசருக்கு அடிக்கடி ஓய்வு கிடைக்கும்.

தமிழகத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். 2024-ல் திருத்திய கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். எல்லைக்கோட்டில் நிற்கும் குடும்பத்துக்குக் குறைகிற ஒவ்வொரு யூனிட்டும் காசு.

வெள்ளை அடித்தால் போதுமா?

வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அகமதாபாத் மாநகராட்சி ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தது இதற்காகத்தான். தெலங்கானா 2023-ல் ‘குளிர் கூரை’க்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. கூரையையும் காற்றோட்டத்தையும் பொறுத்து, வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம்.

வசதிக்கேற்ப மூன்று வழிகள் உண்டு.

சுண்ணாம்பு: மிக மலிவானது. நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் பசை சேர்த்து, இரண்டு மூன்று பூச்சு அடிக்க வேண்டும். மழையில் கரையும் என்பதால் ஒவ்வொரு கோடைக்கு முன்னும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து; கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

வெப்பம் தடுக்கும் பெயின்ட்: விலை அதிகம், சில வருடங்கள் நிற்கும். டப்பாவில் ‘எஸ்.ஆர்.ஐ.’ என்ற எண்ணைப் பாருங்கள். அது கூடுதலாக இருந்தால் நல்லது. தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் அவ்வப்போது தளத்தைக் கழுவிவிட வேண்டும்.

வெள்ளை ஓடு: முதல் செலவு பெரிது, ஆனால் நீண்ட நாள் உழைக்கும். பழைய கட்டடம் என்றால் கூடுதல் எடையைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டே பதிக்க வேண்டும்.

எதைச் செய்தாலும் முதலில் பாசியைச் சுரண்டி, விரிசலை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகே ஆரம்பிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைகளுக்கும் வெள்ளை நல்ல பலன் தரும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் காலை வைக்கவே கூடாது. அது ஆளைத் தாங்காது. பக்கத்தில் ஏணி வைத்து, நீளக் கம்பு கட்டிய ரோலரால்தான் அடிக்க வேண்டும்.

சிலர் உள்கூரையில் தெர்மகோல் ஒட்டுகிறார்கள். தீப்பிடித்தால் அதுவே எமன். சூட்டைக் கூரைக்கு வெளியிலேயே தடுப்பதுதான் நல்லது. ஜன்னலுக்கும் இதே கணக்குதான். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனத்த திரை போடுவதைவிட, வெளியே மூங்கில் தட்டி கட்டுவது அதிகப் பலன் தரும்.

கதவின் அடி இடுக்கையும் அடைத்துவிட்டு ஏசியை 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட விடுங்கள். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

பாதி மாடிப் பரீட்சை

மதுரை வீட்டில் மாமனார் இதை லேசில் நம்பவில்லை. “வெள்ளை அடிச்சா குளிருமா? சும்மா காசைக் கரைக்காதம்மா.”

“உங்க ரூமுக்கு மேல மட்டும் அடிப்போம் மாமா. பிடிக்கலைன்னா விட்டுரலாம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் மகன் பெருக்கிக் கழுவினான். தளம் காய்ந்ததும் மருமகள் சுண்ணாம்பு கரைத்தாள். இரண்டு நாள் சாயங்காலம் பூச்சு அடித்தார்கள். பாதி மாடி வெள்ளை, பாதி மாடி பழைய சாம்பல்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி. யாரிடமும் சொல்லாமல் மாமனார் படியேறினார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாம்பல் பக்கம் ஒரு காலை வைத்தார். “ஸ்ஸ்...” என்று இழுத்துக்கொண்டார். பிறகு வெள்ளைப் பக்கம் வைத்தார். சூடு இருந்தது, ஆனால் நிற்க முடிந்தது. கண்ணைக் கூசும் அந்த வெள்ளையில் சற்று நேரம் நின்றே பார்த்தார்.

அன்று இரவு மருமகள் கேட்பதற்கு முன்னாலேயே ஏசி ரிமோட்டை அவரே எடுத்தார்.

“27 போதும்லம்மா?”

“தாராளமா மாமா.”

விளக்கை அணைக்கப் போனவளை மறுபடியும் கூப்பிட்டார்.

“மிச்சச் சுண்ணாம்பு இருக்கா? பிள்ளை படுக்கிற ரூமுக்கு மேலேயும் அடிச்சிருவோம்மா.”