98 நாளுக்குப் பின் குழந்தை யாரிடம்?
2023 ஜனவரி 1 முதல் சட்டத் திருத்தத்தால் மலேசியத் தனியார் துறைத் தாய்மார்களின் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. வரவேற்கிறோம், ஆனால் விடுப்பு முடிந்த மறுநாள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக் கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்வியை அத்திருத்தம் தொடவில்லை. நகரத்தில் பணத்துக்கேற்ற குழந்தைக் காப்பகம் உண்டு. அரசு ஊழியருக்குக் கட்டண உதவியும் உண்டு. போ, சுங்கை பாலாஸ் போன்ற தோட்டங்களிலோ காலையிலேயே கொழுந்து எடுக்கப் போகவேண்டும். குறுகிய மலைப்பாதையில் தானா ராத்தா நகரம் வரை பிள்ளையைத் தூக்கிச் சென்று விட்டுவிட்டு நேரத்துக்கு வேலைக்குத் திரும்ப எந்தத் தாயாலும் ஆகாது. முந்தைய தலைமுறைக்குத் தோட்டத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை இருந்தது. அதில் அன்பு இருந்த அளவுக்குப் பயிற்சியும் சுகாதாரக் கண்காணிப்பும் இருந்ததில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். இன்று ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகளின் குழந்தைகளும் தோட்டத்துப் பாட்டிமாரின் கையில்தான் வளர்கின்றன. இதற்கான சட்டங்களோ ஏற்கெனவே உள்ளன. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் காப்பகங்களின் குறைந்தபட்சத் தரத்தையும் வகுக்கிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வயதுக்குட்பட்டோரைப் பராமரிக்கும் மையங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆகவே புதிய சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஆயாக்களுடன், வேலை தொடங்குமுன் திறக்கும் பதிவுபெற்ற காப்பகத்தை ஒவ்வொரு தோட்ட நிர்வாகமும் தன் செலவில் நடத்த வேண்டும். தொழிலாளர் இலாகா அதை ஆண்டுதோறும் நேரில் சோதிக்க வேண்டும். தாயின் சம்பளத்தில் இதற்காக ஒரு காசும் பிடிக்கக் கூடாது.