தஞ்சாவூரில் கம்பளி எதற்கு?

தஞ்சாவூர்க்காரருக்குக் கம்பளி எதற்கு? இது என்ன ஊட்டியா, கொடைக்கானலா? மார்கழி, தை மாதங்களில்கூட இங்கே இரவுக் குளிர் சுமார் 20 டிகிரிதான். ஒரு வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டால் பொழுது விடிந்துவிடும். பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

சொல்கிறவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் படுக்கிறவர்கள்!

தை பிறந்தால் சம்பா அறுவடை. அறுத்த நெல்லை விவசாயி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகிறார். அன்றைக்கே எடை போட்டுவிட்டால் கவலை இல்லை. முறை வரவேண்டும். ஈரம் பார்க்கவேண்டும். நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. சர்க்கார் விதியைத் தளர்த்தினால் உண்டு. இல்லாவிட்டால் மறுபடியும் காய வைக்கவேண்டியதுதான். இரண்டு நாள் ஆகலாம். நாலு நாளும் ஆகலாம். அத்தனை இரவும் குவியலுக்குப் பக்கத்தில் காவல் கிடக்கவேண்டும். மேலே வானம். கீழே களம். நடுவே கொட்டுகிற பனி.

நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். ஆளுக்கு? அதே தார்ப்பாயின் ஓரம்தான்!

தார்ப்பாய்க்குள் காற்று போகாது. உடம்பு வேர்க்கும். வேர்வை வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே தங்கும். விடியற்காலையில் எழுந்தால் சட்டை நனைந்திருக்கும். உடம்பு வெடவெட என்று நடுங்கும். பனியில் நனையாமல் வேர்வையில் நனைந்தது மிச்சம். அறுபது வயதுக்காரருக்கு அப்புறம் ஒரு மாதம் இருமல்.

நம் ஊரில் குளிரைவிட ஈரம்தான் பொல்லாதது. ஈரத்துக்குக் கம்பளியைப் போல் வேறு துணி கிடையாது.

ஈரத்தைக் குடிக்கும் மயிர்

ஆட்டு மயிர் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்படியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஒன்றரைக் கிலோ கம்பளி அரை லிட்டர் தண்ணீரை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். ஈரத்தை உறிஞ்சும்போது அது கொஞ்சம் சூடும் கொடுக்கும். பருத்திப் போர்வை அப்படி அல்ல. நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு, இருக்கிற சூட்டையும் வாங்கிவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. கம்பளி லேசில் தீப்பிடிக்காது. கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிற ஊர் நம் ஊர். பீடி நெருப்பும் உண்டு. பொறி விழுந்தால் கம்பளி கருகி நின்றுவிடும். செயற்கை நூல் போர்வை உருகி ஓடி, தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கடைக்குப் போனால், "தூக்கிப் பாருங்க ஐயா, என்ன கனம்!" என்பார் கடைக்காரர். கனம் கம்பளிக்கு அழகல்ல. மயிருக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. கெட்டியாக அமுக்கி நெய்த கனத்த போர்வையில் காற்றுக்கு இடம் ஏது? வயதானவர்களுக்கு அது நெஞ்சில் பாரம், அவ்வளவுதான்.

வழுவழு என்று, புலியும் ரோஜாப்பூவும் போட்ட போர்வைகள் இப்போது எல்லாக் கடையிலும் தொங்குகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் ஒரு இழைகூட ஆட்டு மயிர் இல்லை. மலிவான சாம்பல் நிறக் கம்பளிகளில் பல, ஹரியானா மாநிலத்துப் பானிப்பட்டில், பழைய கம்பளித் துணிகளைக் கிழித்துத் திரும்ப நூற்று நெய்தவை. அது மோசடி அல்ல. ஆனால் இழை குட்டையாக இருப்பதால் சீக்கிரம் உதிரும். வேறு நூலும் கலந்திருக்கும்.

எது நிஜக் கம்பளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரரைக் கேட்டு ஓரத்தில் ஒரு இழை உருவுங்கள். தீக்குச்சியில் காட்டுங்கள். மயிர் பொசுங்கும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தால் அது ஆட்டு மயிர். உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் அது செயற்கை நூல். இழை உருவ வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

உள்ளே கம்பளி மயிர் அடைத்த ரஜாயும் இப்போது விற்கிறது. நம் ஊருக்கு அதில் மிக மெல்லியதே போதும். தையல் நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தையல் தூரமாக இருந்தால் மயிர் ஒரு மூலையில் போய் உருண்டுகொள்ளும். மேலே பருத்தி உறை போட்டு, உறையை மட்டும் துவையுங்கள்.

வயலில் படுக்கும் ஆடு

ஒன்று கேட்பீர்கள். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆயிரக்கணக்கில் ஆடு ஓட்டி வந்து நம் வயலில் கிடை போடுகிறார்களே, அந்த ஆட்டில் கம்பளி கிடைக்காதா?

கிடைக்காது. அவை உரத்துக்கும் கறிக்குமான ஆடுகள். உடம்பில் குட்டை மயிர்தான் இருக்கும். கத்தரித்து நூற்கிற ரோமம் இராது. கீதாரி தோளில் கம்பளி போட்டிருந்தால், அது அவர் மந்தையில் விளைந்தது அல்ல. ரோமம் வேண்டுமானால் கொள்ளிடம் தாண்டிப் பெரம்பலூர்ப் பக்கம் போகவேண்டும். அங்கே திருச்சி கருங்குறும்பை என்று ஒரு ஜாதி ஆடு இருக்கிறது. அதன் ரோமம் முரடு. உடம்பில் உறுத்தும். ஆனால் உழைக்கும். மெல்லிய ரோமம் நீலகிரி ஆட்டில்தான். அது நாட்டு ஆட்டோடு சீமை ஆடுகளைக் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உண்டான ஜாதி. காவல் கிடக்கப் போகிறவருக்கு முரட்டுக் கம்பளியே மேல் என்பது என் கட்சி. சட்டைக்கு மேல் போர்த்தினால் உறுத்தலும் தெரியாது.

அந்தும் அந்துருண்டையும்

நெல்லில் அந்து விழுவது நமக்குத் தெரியும். கம்பளிக்கும் ஒரு அந்து உண்டு. அது வேறு ஜாதி. பறக்கிற பூச்சி தின்னாது. அதன் புழுதான் தின்னும். வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்ட இடம் அதற்கு விருந்து. பங்குனியில் கம்பளியை அப்படியே சுருட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு மார்கழியில் எடுத்தால் சல்லடைதான் கிடைக்கும்.

அடிக்கடி துவைக்கவேண்டியது இல்லை. வாரம் ஒரு நாள் காலை வெயிலில் இரண்டு மணி நேரம் போட்டு, உதறி எடுத்தால் போதும். நாள் முழுதும் காய்ந்தால் மயிர் வலுவிழக்கும். துவைத்தே ஆகவேண்டும் என்றால் பச்சைத் தண்ணீர், பூந்திக்கொட்டை நுரை. சோடா உப்பு வேண்டாம். வெந்நீர் கூடவே கூடாது. வெந்நீரில் போட்டுக் கல்லில் அடித்தால் பெரியவர் கம்பளி சுருங்கித் தொட்டில் துணி ஆகிவிடும்! முறுக்கிப் பிழியாமல், கொடியில் தொங்கவிடாமல், கயிற்றுக் கட்டிலில் பரப்பி நிழலில் காய வையுங்கள்.

எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பை வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, துவைத்த பழைய வேட்டியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் போட்டு வைக்கலாம். நடுவில் இரண்டு மூன்று தடவை எடுத்து உதறுங்கள். வேப்பிலையை மட்டும் நம்பினால் போதாது.

அந்துருண்டை போடுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அந்த வாசனை ஏறிய கம்பளியைக் கைக்குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். பிறவியிலேயே ஒரு குறையுள்ள சில குழந்தைகளுக்கு அதனால் ரத்த அணுக்கள் உடைந்து, கடுமையான காமாலை வரும். குறை இருப்பது முன்னால் யாருக்கும் தெரியாது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தது. அப்போது ஓட்டை இழந்து, கூரையை இழந்து ஜனங்கள் ஈரத் தரையில் படுத்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் தர்மம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புலிப் போர்வை இரண்டு வாங்குகிற பணத்தில், சின்னதானாலும் நிஜக் கம்பளி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அடியில் விரிக்க ஒரு பாயும் சேர்த்துக் கொடுங்கள். தரை ஈரம் முதுகு வழியாக ஏறினால் மேலே எந்தக் கம்பளியும் பிரயோஜனம் இல்லை.

களத்தில் படுக்கிறவருக்கும் அதுவே. வைக்கோலை உதறிப் பரப்பி, அதன்மேல் காய்ந்த சாக்கு, அதன்மேல் ஆள், ஆளுக்கு மேல் கம்பளி. தார்ப்பாய் நெல்லுக்கு.