உரிமையை எழுதுவோர் எம்மொழியில் எழுதுகின்றனர்?

சட்டத்துறையில் இருவகைப் பணிகள் உள. உள்ள சட்டத்தைக் கைக்கொண்டு நயன்மன்றத்தில் ஒருவர்க்காக வழக்காடுவது ஒன்று. உள்ள சட்டமே தீதாயின், அதனைத் திருத்துதற்கு வரைவு எழுதுவதும், ஆணையங்களின்முன் கருத்துரைப்பதும், அரசு வெளியிடும் வரைவைச் சொல் சொல்லாய்ப் பிரித்து அதனுட் புதைந்துள்ள கேட்டை எடுத்துக் காட்டுவதும் மற்றொன்று. மாந்தவுரிமைச் சட்டச் சீர்திருத்தம் என இன்று வழங்குவது இவ் விரண்டாம் பணியே. மூத்த வழக்கறிஞர் சிலர் தம் முழுவாழ்வையும் இதற்கே ஈந்துள்ளனர். நம் இளைஞரும் சட்டக் கல்லூரியினின்று வெளிவந்தவுடன் இதனை நாடுகின்றனர். நன்றே. ஆயினும் அவர்களை ஒன்று கேட்க வேண்டியுள்ளது: நீவிர் எம்மொழியில் எழுதுகின்றீர்? யார் படித்தற்கு எழுதுகின்றீர்?

வடசென்னையில் இருந்துகொண்டு இவ் வினாவை எழுப்புதற்குத் தக்க கரணியம் உண்டு. இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்த கதை இம் மண்ணின் கதையே. 1918 ஏப்பிரல் 27ஆம் நாள் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. செல்வபதியாரும் இராமானுசலுவும் முன்னின்று உழைத்தனர், பி. பி. வாடியா தலைவரானார். வாடியா பார்சி இனத்தவர். அவர்தம் ஆங்கிலப் பேச்சைத் தொழிலாளர் தமிழாக்கத்தின் வழியே கேட்டனர். திரு. வி. க.வோ தமிழிலேயே முழங்கினார். வெசுலி கல்லூரித் தமிழாசிரியப் பணியை விட்டு 1917இல் 'தேசபக்தன்' ஆசிரியரானவர் அவர். (தமிழாசிரியனுக்குத் தொழிலாளர் சிக்கலில் என்ன வேலை என்று இன்றும் கேட்போர் உளர். விடை அன்றே சொல்லப்பட்டுவிட்டது.)

ஆலை முதலாளிகளான பின்னி நிறுவனத்தார் 1920இல் உயர் நயன்மன்றஞ் சென்றனர். வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினர் என்பது அவர்தம் வழக்கு. வாடியா உள்ளிட்டோர்மீது தடையாணை பிறந்தது. இங்கிலாந்தில் 1906ஆம் ஆண்டிலேயே அத்தகைய வழக்கினின்று தொழிற்சங்கங்களைக் காக்கச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. தன் நாட்டுத் தொழிலாளிக்குக் கொடுத்த காப்பை ஆங்கிலேயன் பெரம்பூர்த் தொழிலாளிக்குக் கொடுத்திலன். அத் தடையாணை மூட்டிய கொதிப்பே 1921இல் என். எம். சோசி நடுவண் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்வதற்கும், 1926இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்படுவதற்கும் வழிகோலிற்று. அச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சென்னையில் நிகழ்ந்த கொடுமை மீண்டும் நிகழாவாறு எழுதப்பட்ட பிரிவு. உரிமைச் சட்டச் சீர்திருத்தம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆனால் நடந்ததை மொழிவழி நோக்குமின். தொழிலாளி தமிழிற் குரல் எழுப்பினான். ஆங்கிலத்தில் அவன் வாய் அடைக்கப்பட்டது. ஆங்கிலத்திலேயே அவனுக்குக் காப்பும் எழுதப்பட்டது. தன்பொருட்டுப் பிறந்த சட்டத்தை அவன் பிறர் வாய்க்கேட்டு அறிந்தானேயன்றித் தானே படித்தறிந்தானல்லன். இன்று அச் சட்டமும் போயிற்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு அதனை விழுங்கிவிட்டது. முன்பு பொதுப்பயன்பாட்டுப் பணிகட்கு மட்டுமே இருந்த 14 நாள் வேலைநிறுத்த முன்னறிவிப்புக் கட்டாயம், இப்பொழுது தொழில் நிறுவனங்கள் அனைத்திற்கும் ஆயிற்று. துறைமுகத்திலும் மணலியிலும் உழைப்போருள் எத்துணைப் பேர் இம் மாற்றத்தைச் சட்டத்தின் சொல்லிலேயே தம் மொழியிற் படித்திருப்பர்?

எளிய மக்கட்குச் சட்டம் எதற்கு, தலைவர்கள் அறிந்தாற் போதும் என்பர் சிலர். மீனவர் குடியிற் பிறந்த வழக்கறிஞர் சிங்காரவேலர் அவ்வாறு எண்ணினாரல்லர். 1923 மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார் அவர். ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின், 2023 ஏப்பிரல் 21 அன்று, நாள்வேலையைப் 12 மணி வரை நீட்டுதற்கு இடந்தரும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. எதிர்ப்பு கிளர்ந்தது, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. ஏன் இத்துணை விரைவில்? 'பன்னிரண்டு மணிநேர வேலை' என்னும் மூன்று தமிழ்ச்சொற்களில் அதன் உட்பொருளை ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்துகொண்டமையாலேயே. மக்கள் அறிந்த சட்டத்தையே மக்கள் தடுத்து நிறுத்த முடியும்.

இனி எண்ணூருக்கு வருவோம். 2023 திசம்பரில், மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலியினின்று வந்த எண்ணெய் பக்கிங்காம் வாய்க்கால் வழியே கொற்றலையாற்றுக் கழிமுகத்திற் பரவிற்று. வலையும் படகும் கருமை பூண்டன. அத் திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவில், உர ஆலையின் கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி இருளில் ஓடினர். இத்தகைய ஆலைகள் அமையுமுன் மக்கள் கருத்துக் கேட்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அறிக்கையின் சுருக்கம் மட்டுமே வட்டாரமொழியில் இருந்தாற் போதும் என்கின்றது. நச்சுக்காற்றின் அளவும், குழாய் உடைந்தால் நேரும் கேடும் முழு அறிக்கையில், ஆங்கிலத்தில். குப்பத்தானுக்குச் சுருக்கம், குழுமத்தானுக்கு முழுமை!

2020இல் இவ் வறிவிக்கையை மாற்றப் புதுவரைவு வெளிவந்தபோது நிகழ்ந்ததோ மானக்கேடு. வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்தது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு தில்லி உயர் நயன்மன்றம் சூன் 30 அன்று ஆணையிட்டது. ஒன்றிய அரசு மொழிபெயர்ப்பாளரைத் தேடிற்றா? இல்லை, அவ் வாணையை எதிர்த்து உச்ச நயன்மன்றத்திற்கு ஓடிற்று! அலுவல்மொழிச் சட்டப்படி இரு மொழிகளே போதும் என வழக்காடிற்று. எண்ணூர் மீனவன் எண்ணத்தைக் கேட்பார்களாம். அவன் மொழியிற் கேட்கமாட்டார்களாம்.

என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தந்தையர் தாள்களை ஏந்திக்கொண்டு வருவதுண்டு. "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்பர். இழப்பீட்டு மறுப்பு, பணிநீக்க அறிவிப்பு, வெளியேற்ற ஆணை என யாவும் ஆங்கிலம். முறையிடுதற்குரிய நாள் பெரும்பாலும் கடந்திருக்கும். உரிமை பறிபோனதை மாணவன் தந்தைக்குத் தமிழாசிரியன் ஆங்கிலத்தினின்று பெயர்த்துச் சொல்லும் நிலையை என்னென்பது!

தில்லியை மட்டும் பழித்துப் பயனில்லை. முடிச்சு அரசியலமைப்பிலேயே உள்ளது. 348ஆம் உறுப்பின் மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு சட்டத்தைத் தமிழிலேயே இயற்றினாலும், ஆளுநர் பெயரால் வெளியாகும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பே சான்றுடைய பாடமாகக் கொள்ளப்படும். தாய் நிற்க நிழலுக்குத் தாய்மை கொடுக்கும் விந்தை இது. அவ் வுறுப்பின் இரண்டாம் பிரிவு மாநில மொழியை உயர் நயன்மன்ற நடவடிக்கைகளில் வழங்க இடந்தருகின்றது. அதன்வழி இராசத்தான் 1950இலும், உத்தரப்பிரதேசம் 1969இலும், மத்தியப்பிரதேசம் 1971இலும், பீகார் 1972இலும் இந்தியைப் பெற்றன. நாம் 2006 திசம்பரில் சட்டமன்றத் தீர்மானம் இயற்றிக் கேட்டோம். 2012இல் உச்ச நயன்மன்ற நடுவர்கள் ஒருங்குகூடி மறுத்தனர். தலைமை நடுவரைக் கேட்கவேண்டும் என்பது 1965ஆம் ஆண்டு அமைச்சரவைக் குழு முடிபேயன்றி, அரசியலமைப்பில் அவ்வாறு ஒரு சொல்லும் இல்லை.

தமிழிற் சட்டச்சொல் இல்லை என்னும் பழம்பாட்டை இன்னும் பாடுவோர் உளர். பிணை, முறையீடு, சான்று, தடையாணை, வாக்குமூலம் என்பன எந்நாட்டுச் சொற்கள்? மாயூரம் வேதநாயகர் 1862ஆம் ஆண்டளவிலேயே உயர்முறைமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி நூலாக்கினாரே! (நூற்பெயர் 'சித்தாந்த சங்கிரகம்' என வடமொழியாய் அமைந்தது, பணி தமிழ்ப்பணியே.) 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் கீழமை மன்றங்களிற் தமிழிலேயே தீர்ப்பெழுத வழி திறந்தது. சொல் உண்டு, சொல்லும் துணிவே இல்லை.

எனவே சட்டச் சீர்திருத்தத்தில் ஈடுபட்ட வழக்கறிஞர்காள்! உங்கள் வரைவை ஆங்கிலத்தில் எழுதிப் பின் தமிழாக்கித் தருவதை ஒழியுங்கள். முதற்படியையே தமிழில் எழுதுங்கள். எழுதியதைக் காசிமேட்டு ஏலக்கூடத்திலும் திருவொற்றியூர் ஆலைவாயிலிலும் படித்துக் காட்டுங்கள். புரியாத தொடரை அவர்கள் சொல்லத் திருத்துங்கள். பின்னர் வேண்டுமாயின் ஆங்கிலத்திற் பெயர்த்துத் தில்லிக்கு விடுங்கள். 348ஆம் உறுப்பின் மூன்றாம் பிரிவை நீக்கும் திருத்த வரைவையும் நீங்களே தமிழில் வரையுங்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்திற்கு 2021 சனவரியிலும் 2023 செப்தம்பரிலும் மக்கள் கருத்துக் கேட்பு நாள் குறிக்கப்பட்டு, இருமுறையும் தள்ளிவைக்கப்பட்டது. இத்தகைய கேட்பிற்கு இனி எந்நாள் குறிக்கப்பட்டாலும், மேடையேறும் முதல் வழக்கறிஞர் கேட்கவேண்டுவது ஒன்றே: முழு அறிக்கை தமிழில் எங்கே? அது வரும்வரை கூட்டம் தொடங்கலாகாது.