சோஷியாலஜியா என்று முகம் சுளிக்கும் பெற்றோருக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வீடு இதே பஞ்சாயத்துதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் நகையை அடகு வைத்தாவது ஃபீஸ் கட்டுகிறோம். பிள்ளை சோஷியாலஜி படிக்கிறேன் என்றால் மட்டும், "அதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று பாய்கிறோம். பதில் தெரிந்துகொள்ளவா அப்படிக் கேட்கிறோம்? பிள்ளையின் வாயை அடைக்கத்தானே? அந்தப் பாடத்திட்டத்தை ஒரு முறையாவது கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தோமா?

இன்ஜினியரிங் முடித்த பிள்ளையை ஐ.ஏ.எஸ். பயிற்சிக்குச் சென்னைக்கும் டெல்லிக்கும் அனுப்புகிறோமே, அங்கே அவர்களில் எத்தனையோ பேர் விருப்பப் பாடமாக எடுப்பது இதே சமூகவியலைத்தான். முதன்மைத் தேர்வில் இரண்டு தாள், 500 மதிப்பெண். கல்லூரியில் மூன்று வருடம் நிதானமாகப் படிக்க விடாத பாடத்தை, பிறகு கோச்சிங் சென்டரில் அவசர அவசரமாக விழுங்கச் சொல்லிப் பணம் கட்டுகிறோம். இது என்ன நியாயம்?

அப்படி என்னதான் அதில் கற்றுத் தருகிறார்கள்? ஊரில் கணக்கெடுப்பு நடக்கிறது என்று வையுங்கள். "வீட்டில் கழிப்பறை இருக்கா?" "இருக்கு." படிவத்தில் டிக் விழுகிறது. நல்ல பயிற்சி பெற்ற சமூகவியல் மாணவி அதோடு எழுந்துவிட மாட்டாள். கொல்லைப்பக்கம் போய்ப் பார்ப்பாள். கழிப்பறைக்குள் விறகும் உரமூட்டையும் அடுக்கியிருக்கும். தண்ணீர் யார் சுமப்பது, குழி நிறைந்தால் யார் கையால் அள்ளுவது, பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணையைத் தாண்டி மருமகள் எப்படிப் போய்வருவாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அரசு கட்டிக்கொடுத்தும் கழிப்பறை ஏன் பயன்படவில்லை என்பது அப்போதுதான் பிடிபடும். டிக் போட யாராலும் முடியும். இப்படிக் கேட்பதற்குத்தான் படிப்பு வேண்டும்.

வங்கத்தில் பிறந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வந்து தங்கினார். சாதி, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்த நிலைமை எப்படிக் குலைகிறது என்று பார்த்து எழுதினார். 1965இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தை உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் இன்றும் படிக்கிறார்கள். நம் ஊரைப் பற்றிய படிப்பு நமக்கு மட்டும் இளக்காரமாகப் போய்விட்டது!

வேலைக்கு வருவோம். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. இரண்டுக்கும் மக்களிடம் போய்ப் பேசி, கேட்டதை ஒழுங்காக எழுதத் தெரிந்த ஆட்கள் வேண்டும். சந்தை ஆய்வு, மனிதவளத் துறை, தொண்டு நிறுவனம், பத்திரிகை என்று வேறு வழிகளும் உண்டு. தங்கள் செயலியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கூடவே உட்கார்ந்து கவனிக்க மென்பொருள் நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன.

பி.ஏ. மட்டும் பெரும்பாலும் போதாது என்பதையும் மறைக்கக் கூடாது. எம்.ஏ. வேண்டும், கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் நெட் அல்லது செட் தேர்வு, பிஎச்.டி. என்று இன்னும் சில வருடம் ஆகும். தொடக்கச் சம்பளம் குறைவாகவே இருக்கலாம். ஆனால் இன்ஜினியரிங் பட்டத்தோடு சம்பந்தமில்லாத வேலைக்குப் போகும் பிள்ளைகளை நம் தெருவிலேயே பார்க்கிறோம். அவர்கள் வீட்டு வாசலில் போய், "அதைப் படிச்சு என்ன பண்ணினே?" என்று நாம் கேட்பதில்லையே.

ஆகவே, பிள்ளையைத் திட்டுவதை விட்டுவிட்டு அவளோடு கல்லூரிக்குப் போங்கள். துறைத் தலைவரைப் பார்த்துக் கேளுங்கள்: மாணவர்களைக் களப்பணிக்குக் கூட்டிப்போகிறீர்களா? புள்ளியியலும் கணினியில் தரவு அலசலும் உண்டா? போன வருடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு கல்லூரி பாருங்கள். பாடத்தை மாற்றச் சொல்லி அவளை நச்சரிக்காதீர்கள்.