பல்சார் கடிகாரம்: 15 வருஷப் பொறுமைக்கு யார் பில் கட்டுவது?

2023 ஜூன் 29. அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா, ஆஸ்திரேலியா, சீனா என பல நாட்டு விஞ்ஞானிகள் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொன்னார்கள். பிரபஞ்சம் முழுக்க மெல்லிய ஈர்ப்பு அலைகள் பரவிக் கிடக்கின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைத்திருக்கிறது!

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பெரிய நட்சத்திரம் வெடித்த பிறகு மிஞ்சும் அடர்த்தியான மையம்தான் நியூட்ரான் நட்சத்திரம். அது சுழலும்போது அதன் ரேடியோ கதிர், கலங்கரை விளக்க வெளிச்சம் மாதிரி பூமியைத் தொட்டுத் தொட்டுப் போனால் அதற்குப் பெயர் பல்சார். சில பல்சார்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றும். அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று மைக்ரோ நொடிக் கணக்கில் சொல்லிவிடலாம்.

ராட்சதக் கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றும்போது கிளம்பும் அலைகள் வெளியையே இழுத்துச் சுருக்கும். அப்போது இந்தத் துடிப்பு கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஒரு பல்சார் மட்டும் தடுமாறினால் அது அதன் சொந்தப் பிரச்னையாக இருக்கலாம். ஆனால், பல பல்சார்களின் தடுமாற்றம், வானில் அவற்றுக்கு இடையே உள்ள கோணத்துக்கு ஏற்ப ஒத்துப்போனால்? அது ஈர்ப்பு அலையின் கைரேகை. 1983-லேயே ஹெலிங்ஸ், டவுன்ஸ் இருவரும் இதைக் கணித்துவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு காலம்?

2015-ல் லைகோ பிடித்த அலை ஒரு நொடிகூட நீடிக்கவில்லை. இந்த அலைகளோ ஒருமுறை ஏறி இறங்கவே பல வருஷம் ஆகும். ஷார்ட்கட்டே கிடையாது. அமெரிக்காவின் நானோகிராவ் குழு 67 பல்சார்களை 15 வருஷத் தரவுகளில் ஆராய்ந்துதான் இதைச் சொன்னது.

நம்மூர் பங்கும் உண்டு. புனே அருகே தலா 45 மீட்டர் அகலமுள்ள 30 டிஷ்கள் கொண்ட ஜிஎம்ஆர்டி இருக்கிறது. வழியில் உள்ள எலக்ட்ரான்களும் துடிப்பைத் தாமதப்படுத்தும். குறைந்த அதிர்வெண்ணில் அந்தத் தாமதம் பெரிதாகத் தெரியும் என்பதால், ஜிஎம்ஆர்டி அதை அளந்து கழிக்க உதவுகிறது. சென்னை கணித அறிவியல் நிறுவன ஆய்வாளர்களும் இந்தியக் குழுவில் இருக்கிறார்கள்.

பிரச்னை எங்கே?

புது டெலஸ்கோப் திறந்தால் ரிப்பன் வெட்டி போட்டோ எடுப்பார்கள். பழைய டெலஸ்கோப்பின் கரண்ட் பில்லும் கேபிள் பராமரிப்பும் யாருக்கும் செய்தி இல்லை. போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ, 305 மீட்டர் அகலம், நானோகிராவின் முக்கியக் கண். அதன் செலவைக் குறைப்பது பற்றிய பேச்சு பல வருஷமாக ஓடியது. 2020-ல் கேபிள்கள் அறுந்து, டிசம்பர் 1 அன்று அது இடிந்தே விழுந்தது. மறுபடி கட்டப்போவதில்லை என 2022-ல் முடிவானது.

பழசை எல்லாம் காலத்துக்கும் ஓட்ட முடியுமா என்ற கேள்வி நியாயமானதுதான். மூடலாம். ஆனால், புதுக் கருவி வந்து, இரண்டும் சில வருஷம் சேர்ந்து ஓடி, அளவுகள் ஒத்துப்போன பிறகு மூட வேண்டும். புதுக் கருவியைக் காசு கொடுத்து வாங்கலாம். அளக்காமல் விட்ட வருஷத்தை வாங்க முடியாது.

இப்போது கையில் இருப்பது ‘ஆதாரம்’தான். ‘கண்டுபிடிப்பு’ என்று அடித்துச் சொல்ல இயற்பியலாளர்கள் கேட்கும் 5 சிக்மா உறுதி 2023 முடிவுகளில் எட்டப்படவில்லை. அதற்கு இன்னும் பல வருஷத் தரவு வேண்டும். அதுவரை அந்த டிஷ்களுக்கு கரண்ட் பில் கட்டுவதும் அறிவியல்தான்.